கல்கத்தாவுக்கு ஒரு கையெழுத்து

"இந்த வருஷமும் கையெழுத்துப் போடலேன்னா நாற்காலிய விட்டு எழுந்துக்க மாட்டேன் சார். இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!"

ஞானதாஸ் சொன்னபடியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. அவ்வளவுதான் அவன் உயரம்.

கச்சேரி ரோடு யூனியன் கிளப்பின் காரியதரிசி ராஜரத்தினம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். 

வெளியே காத்திருந்த பீர் முஹம்மது ஜன்னல் வழியாகக் கத்தினான். "வுடாத மச்சி! சுண்டைக்கா! பெருசு இன்னிக்கு மாட்டிக்கினாரு!"

சுண்டைக்காய். மைதானத்தில் ஞானதாஸுக்கு அதுதான் பெயர். ஆறடி ஆட்களுக்கு நடுவே வெறுங்காலோடு புகுவான். "எங்கடா போனான்?" என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள், பந்து முன்வரிசையில் பீர் முஹம்மதின் காலடிக்குப் போயிருக்கும். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்ட பீர் முஹம்மதின் பெயர் வரும். நடுவில் நின்று பந்து கொடுத்தவன் பெயர் வராது.

ஆனால் கல்கத்தாவுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்து மூன்றிலிருந்து வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் அங்கேயிருந்து ஒரு பெரிய கிளப் அவனைக் கூப்பிட்டு எழுதுகிறது. மாசச் சம்பளம், தங்க இடம், மைதானம் கொள்ளாத ஜனம். ஒரே ஒரு நிபந்தனைதான். 'இவரை அனுப்பச் சம்மதம்' என்று இங்குள்ள காரியதரிசி கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆறு வருஷமாக ராஜரத்தினம் போடவில்லை. இது ஏழாவது.

"எனக்கு முப்பத்திரண்டு ஆவுது சார். இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான் இந்தக் கால் நான் சொன்னதக் கேக்கும். அவ்ளோ பெரிய மைதானத்துல ஒரு தபா ஆடிட்டா போதும் எனக்கு. அதுகூடவா பொறுக்கல உங்களுக்கு?"

"கமிட்டியில..."

"கமிட்டி இல்ல சார், நீங்க! நான் போயிட்டா கிளப் ஜெயிக்கிற ஷீல்டு போயிடும். அதுக்காக என் ஆயுசையே தின்னுட்டீங்க. நெஞ்சுல ஈரமில்லாத மனுஷன் சார் நீங்க!"

"அப்படியே வெச்சுக்கோ" என்றார் ராஜரத்தினம்.

எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்துவந்து மேஜைமேல் பிரித்தார். மேலாக இருந்த சம்மதத் தாளை உருவினார். பேனாவை ஒரு முறை உதறினார். கையெழுத்துப் போட்டார்.

ஞானதாஸ் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினான்.

"இரு. முத்திரை உள்ளே இருக்கு. எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போனார். கட்டு திறந்தபடியே கிடந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு தபால் அட்டை நூலில் கோத்திருந்தது. அந்த எழுத்தை அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதிப் பழகிய, வரிசை கோணாத எழுத்து.

'மகா கனம் பொருந்திய ஐயா, கல்கத்தாவில் குண்டு விழுகிறதாம். என் கணவரை அனுப்ப வேண்டாம். நான் கேட்டதாக அவருக்குத் தெரியவும் வேண்டாம். லூயிசா ஞானதாஸ்.'

அடுத்தது: 'அங்கே ஜனங்கள் சோறில்லாமல் தெருவில் விழுந்து சாகிறார்களாம் ஐயா.'

நாற்பத்தேழில்: 'ஊரெல்லாம் வெட்டும் குத்துமாம் ஐயா.'

போன வருஷம்: 'இந்த முறை சொல்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லை ஐயா. இருந்தாலும் கேட்கிறேன்.'

கடைசி அட்டையில் மை இன்னும் புதிதாக இருந்தது.

'ஐயா, தூக்கத்தில் அவர் கால் பந்தை உதைக்கிறது. ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். போகட்டும், விட்டுவிடுங்கள்.'

ராஜரத்தினம் திரும்பி வந்தபோது கட்டு மூடியிருந்தது. தாளில் முத்திரை குத்தி நீட்டினார்.

"இன்னும் ஏதாவது திட்டணுமா?"

"இல்ல சார்."

"அப்போ கிளம்பு."

வெளியே வந்தவனைப் பீர் முஹம்மது அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "போட்டுட்டாரா! அட, இன்னாடா அழுவுற? கல்கத்தா போறவன் அழுவலாமா மச்சி?"

ஞானதாஸ் கடற்கரை வரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாந்தோமில் தன் வீட்டுக்கு வந்தான். லூயிசா டிரங்குப் பெட்டியைத் துடைத்துத் திறந்து வைத்திருந்தாள். அவனுடைய கணுக்கால் பட்டிகளைத் துவைத்து, காய வைத்து, சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரயில் என்னைக்கு?" என்றாள், நிமிராமல்.

அவன் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த பட்டி நழுவி உருண்டது. முகம் வெளுத்துவிட்டது. "இல்ல... கையெழுத்துப் போட்டாரான்னு கேக்க வந்தேன்..."

ஞானதாஸ் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"போட்டான், போட்டான்! அந்த ஆளா போட்டான்? மல்லுக்கட்டி வாங்கினேன் நானு! ஆறு வருஷமா என் வாயில மண்ணப் போட்ட பாவி! கல்நெஞ்சக்காரன்! நெஞ்சுல ஈரமில்லாத மனுஷன்!"

ஆறு வருஷமாகத் திட்டிய அதே வார்த்தைகளில் ஒன்றுகூடக் குறையாமல், தெருக்கோடி வரை கேட்கும்படி, அந்த நல்ல மனிதரை அவன் திட்டிக்கொண்டே இருந்தான், லூயிசாவுக்கு மூச்சு வரும் வரைக்கும்.