கழன்று விழாத பர்ஸ்

“அக்கா! அக்கா! போன் செத்துரும்!”

செல்போன் கடையில் வேலை பார்க்கும் ரம்யா ஓடி வந்து கையைப் பிடிப்பதற்குள், மழைச் சேறு துடைக்க வைத்திருந்த வாளிக்கு நேர் மேலே போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கார்டு பர்ஸ்.

“சாகட்டும். கார்டு கழண்டு விழுதான்னு பாக்கணும்லா?” என்றாள் போனைப் பிடித்திருந்த விஜிலா.

“எம்மா, அது என் போனு!” என்று தலையில் அடித்துக்கொண்டான் பக்கத்தில் நின்ற மகன் பெவின். இருபது வயது. நாளைக் காலை மாலத்தீவுக்குக் கிளம்பும் சரக்குத் தோணியில் அவனுக்கு முதல் பயணம். தண்ணீரில் விழுந்தாலும் கழலாத பர்ஸ் ஒன்று போனோடு ஒட்டியிருந்தால்தான் தோணி ஏறலாம் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

ரம்யா போனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, காந்தம் பதித்த பின்கவரோடு பர்ஸை மட்டும் கொடுத்தாள். விஜிலா அதை வாளிக்குள் முக்கி, துணி அலசுவது போல நாலு அலசு அலசினாள். பர்ஸ் கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

“இது ஆகாது. வேற காட்டு பிள்ள.”

இந்தக் கடைக்கு வருகிறவர்கள் கலர் பார்ப்பார்கள், மெலிசாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாளியில் முக்கிப் பார்த்து வாங்க வந்தவளை ரம்யா இன்றுதான் பார்க்கிறாள். நனைந்த பர்ஸுக்கு முதலாளியிடம் என்ன பதில் சொல்வது என்ற கவலை வேறு.

“தோல் பர்ஸ் பாருங்கக்கா. இந்த அண்ணனுக்குப் பிடிச்சிருக்கு.”

“தோலு ஊறிரும்.”

“ஏடிஎம் கார்டு வைக்கதா இருந்தா பாத்து வைங்க. காந்தம் பட்டா சிலது கெட்டுப் போகும்.”

“ஏடிஎம் கார்டு வைக்கல. இது ஒண்ணுதான்.” விஜிலா பைக்குள் கைவிட்டு ஒரு ஆதார் கார்டை எடுத்தாள். புதிதாகப் பிளாஸ்டிக்கில் எடுத்திருந்தாள். “பேரும் போட்டோவும் அழியாம இருக்கணும்.”

“கார்டைக் கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விடலாம்லா?” என்றாள் ரம்யா.

“கழட்டி வீசிருவான். போனை மட்டுந்தான் ஒறங்கும்போதும் விட மாட்டான். ஏலே, போனை ஜிப்பு வச்ச பேன்ட் பைக்குள்ள போட்டு மூடிரணும், என்ன?”

வளர்ந்த பிள்ளையை இப்படியா பாடாய்ப் படுத்துவது என்று ரம்யாவுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அப்போதுதான் விஜிலாவின் பைக்குள் ஒரு மெழுகுவர்த்திப் பாக்கெட்டும் இரண்டு செவ்வந்தி மாலைகளும் இருப்பதைக் கவனித்தாள்.

“கோயிலுக்காக்கா?”

“கல்லறைக்கு. இன்னைக்குக் கல்லறைத் திருநாள்லா? இவங்க அப்பாவுக்கு.”

“ரெண்டு மாலையா?”

“ஒண்ணு கல்லறைக்கு. ஒண்ணு கடலுக்கு.”

“வருசா வருசம் அம்மா இப்படித்தான்,” என்றான் பெவின். “அப்பாவை முழுங்குன கடலுக்கு என்னத்துக்கு மாலைன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டா. எனக்கு அப்ப ஒம்பது வயசு. தோணி முழுகி ஏழு பேரும் போயிட்டாங்க. அதுல ரெண்டே வீட்டுக்குத்தான் சவப்பெட்டி வந்துச்சு. நாங்க குடுத்து வச்சவங்க. போய் உக்காந்து பேச அப்பாவுக்குன்னு ஒரு இடம் இருக்குல்லா?”

இவ்வளவு நேரம் மனதுக்குள் அந்தத் தாயைக் கரித்துக்கொட்டியதை நினைத்து ரம்யா வெட்கப்பட்டாள்.

உள்ளே போய்த் தேடி, மூடியுள்ள தடித்த ரப்பர் பர்ஸ் ஒன்றைக் கொண்டு வந்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவரும் வாங்காமல் கிடந்தது. விஜிலா கார்டை உள்ளே செருகி, பின்கவரில் ஒட்டி, முக்கினாள், அலசினாள், வாளிக்குள்ளேயே உதறினாள். அது கழலவே இல்லை.

“இது போதும்,” என்றாள். அன்று கடைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது.

பெவின் பைக்கை எடுக்க வெளியே போனான். பில் போட்டுக்கொண்டே ரம்யா மெல்லக் கேட்டாள். “கடலுக்கு மாலை போடுதது, உங்க மகன் நல்லபடியா போயிட்டு வரணும்னுதானேக்கா?”

விஜிலா வாசலைப் பார்த்தாள். மகன் மழை நனைத்த சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காது.

“பெட்டியைத் தொறக்க விடல, பிள்ள. மூணு வாரம் தண்ணியில கெடந்த உடம்பு. சட்டையை மட்டும் காட்டுனாங்க. மாதா திருவிழாவுக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை. பாத்ததும் அவருதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப அடையாளம் தெரிஞ்சிட்டுல்லாக்கா?”

விஜிலா கார்டை வெளியே எடுத்தாள். முந்தானையால் ஈரத்தை ஒற்றி, மகனின் பெயரை ஒரு தடவை வாசித்துவிட்டு மறுபடி செருகி மூடினாள்.

“தோணியில ஏழு பேருக்கும் அதே சட்டைதான் எடுத்திருந்தேன்.”