எண்ணெய் ஒழுகும் அறை

ஒரு பழைய காரின் எஞ்சினில் நாலு ஸ்பார்க் பிளக்குகள் குடியிருந்தன. அவற்றில் மூன்றாவது பிளக்குக்கு மட்டும் தினமும் எண்ணெய்க் குளியல்தான். அதன் அறையில் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது. நனைந்த உடம்போடு அதுவும் முடிந்தமட்டும் பொறியைக் கிளப்பிப் பார்த்தது. ஆனாலும் வண்டி விக்கி விக்கித்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர் தயாளன் வீட்டு வாசலிலேயே அந்தப் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிய முகத்தைப் பார்த்ததும், "எல்லாம் இந்தச் சனியன் பண்ற வேலை" என்றார்.

பக்கத்தில் பளபளவென்று காத்திருந்த புதுப் பிளக் சிரித்தது. "என்ன அண்ணே, வேலை செய்ற இடத்துல இப்படியா அழுக்கா இருப்பாங்க?"

"அந்த ரூம்ல எண்ணெய் ஒழுகுது தம்பி."

"வேலை செய்யாதவங்க எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க."

பழைய பிளக்குக்குச் சுருக்கென்றது. எதற்காவது ஆகும் என்று தயாளன் அதை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். இருட்டில் கிடந்தபடியே, அந்தப் புதுப் பிளக் பயல் மட்டும் கையில் கிடைத்தால் நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயார் செய்து வைத்துக்கொண்டது.

மழைக்காலம் முடிவதற்குள் டப்பா திறந்தது. அவனேதான் உள்ளே விழுந்தான். முகமெல்லாம் கரி. வந்ததும் ஓரமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பழைய பிளக் அந்த நாலு வார்த்தையையும் அப்படியே கைவிட்டது.

வெளியே இன்னொரு புதுப் பிளக்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, எண்ணெய் ஒழுகுதுன்னு அவன்கிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்கிறான்."

"விடு தம்பி. கொஞ்சம் நகர்ந்து படு, அவனுக்கும் இடம் வேணும்."