காலி நாற்காலி

இரண்டாம் வருடத்தில் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தேன். "அட்மிஷன் லெட்டர் கொண்டாங்க, டிசி தர்றேன்" என்றார் பழைய இடத்து கிளார்க் தணிகாசலம். "டிசி இல்லாம சீட்டா? போங்க தம்பி" என்றார் புதிய இடத்து கிளார்க் மரகதவல்லி. பதினோரு மாதம் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவரிடம் சுமந்தேன். போகப்போக அவை ஒட்டிய உறையில் வந்தன. ஆவணியில் அவர்களுக்குக் கல்யாணம். அந்தம்மாவுக்கு ஒரே வாரத்தில் கணவர் ஆபீசுக்கு மாற்றல் கிடைத்தது. தணிகாசலம் வெட்கத்தோடு டிசியை நீட்டினார். வாங்கிக்கொண்டு ஓடினேன். மரகதவல்லியின் நாற்காலி காலியாக இருந்தது. "ஆள் வர்ற வரைக்கும் இதுல உக்காருங்க சார், கூட்டம் சேருது" என்றார் பியூன். உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் எத்தனையோ பேருக்கு சீட் கொடுத்தேன். என் விண்ணப்பம் மட்டும் மேஜையிலேயே இருக்கிறது. சொந்த விண்ணப்பத்தில் நாமே கையெழுத்துப் போடுவது முறையில்லை.