எலி வளையில் ஆயுதக் கிடங்கு

ஒரு புற்றில் நல்லபாம்பும் எதிர்ப் பொந்தில் முள்ளம்பன்றியும் குடியிருந்தன. நடுவில் எலியின் வளை. அந்த இரண்டு பேருக்கும் எப்போது சண்டை வந்தாலும் இடிந்து விழுவது எலியின் கூரைதான். அதனால் அவர்கள் ஆயுதக் குறைப்பு என்று பேச்செடுத்தபோது, எல்லோரையும்விட எலிக்குத்தான் சந்தோஷம்.

குறித்த நாளில் முள்ளம்பன்றி இருபது முட்களைக் கொண்டுவந்து போட்டது. எல்லாம் தானாக உதிர்ந்தவை. பாம்பு தன் சட்டையை முழுதாக உரித்து வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க?" என்று உருகியது. பல்லைப் பற்றிக் கேட்கலாமா என்று எலி யோசித்தது. சமாதானப் பேச்சில் உயிரியல் பேசுவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டது.

"இதையெல்லாம் பொது இடத்துல வைக்கணும். எலித் தம்பி, உன் வளைதான் சரி," என்றது முள்ளம்பன்றி. எலி பெருமையோடு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி வைத்தது.

மறுவாரம் இருவரும் சேர்ந்து வளை வாசலுக்கு வந்தார்கள்.

"என்னடா இது? இருபது முள்ளைப் பதுக்கி வச்சிருக்கியாமே. எங்க ரெண்டு பேருக்கும் தூக்கமே வரலை," என்றது முள்ளம்பன்றி.

"நீங்க குடுத்ததுதானே அண்ணே!"

"பழங்கதையை விடு. உள்ளே சோதனை போடணும்."

"நீங்க சிரமப்படாதீங்க," என்று முள்ளம்பன்றியிடம் பணிவாகச் சொன்னது பாம்பு. "இந்த வாசல் உங்களுக்குப் பத்தாது. நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அதுவரை அழகாக அடுக்கி மட்டுமே வைத்திருந்த முட்களில் ஒன்றை எலி முதல்முறையாகக் கையில் எடுத்தது.