டீச்சர் தூங்குறாங்க!

டியூஷன் டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, குறட்டை விட்டு!

அன்றைக்கென்று சீக்கிரம் வீடு திரும்பிய அப்பாவுக்கு ஜன்னல் வழியாக அந்தக் காட்சி கிடைத்தது. விடுவாரா?

அவர் சட்டை கம்பெனியில் செக்கர். பிசிறு, பொத்தான், கோணல் தையல் என்று தப்புக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் வேலையை விடாது. வீட்டில் யாரும் அதை ரசித்ததில்லை என்பது வேறு விஷயம்.

மகள் இரண்டாம் வகுப்பு. செல்லப் பெயர் வாலு. புத்தகத்தைத் திறந்தால் தண்ணீர் வேண்டும், பென்சில் சீவ வேண்டும், சுவரில் ஊர்கிற எறும்பு எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். பரீட்சையில் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்காவிட்டால் மறுபடியும் அதே வகுப்புதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் இவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை, "தப்பு! முதல்லேர்ந்து படி!" தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம்தான் இந்த டீச்சர்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க!" என்று போனை ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினார். சாய்ந்த தலை, திறந்த வாய், குறட்டை, எல்லாம் பதிவாயிற்று. பக்கத்தில் வாலு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளை யார் கவனித்தார்கள்?

கொல்லைப்பக்கமாகச் சமையலறைக்கு ஓடினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாரு! நாளையிலேர்ந்து அந்தம்மா வரவேண்டாம். நம்ம பொண்ணு ஒரு வருஷம் வீணாப்போகப் போகுது, அவங்க கொர்ருனு தூங்குறாங்க!"

மனைவி பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, இதைக் கேட்டீங்களா?"

"கேட்காம? தெருவே அதிருதே!"

"ஐயோ, குறட்டையை விடுங்க. படிக்கிறது யாரு?"

படிக்கிறதா? போனைப் பிடுங்கிக் கேட்டார்.

'யானைக்குட்டி குளத்தில் இறங்கியது. தண்ணீர் காது வரை வந்தது.' வாலுவின் குரல்! வரி வரியாக, தங்குதடையில்லாமல்.

நடுவில் ஓரிடத்தில் படிப்பு நின்றது. "ஹை, எறும்பு!"

உடனே குறட்டையும் நின்றது. டீச்சர் லேசாக அசைந்தார்.

"முழிச்சுக்காதீங்க டீச்சர்! இதோ படிக்கிறேன், படிக்கிறேன்!"

படிப்பு தொடர்ந்தது. குறட்டையும் தொடர்ந்தது. திரையில் டீச்சரின் ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஊரிலுள்ள பிசிறையெல்லாம் பிடிக்கிற செக்கர் இதைக் கோட்டைவிட்டிருந்தார்.

மனைவி வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சர் கிளம்பும்போது அப்பா வாசல் வரை போய், "நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க டீச்சர்" என்று அசடு வழிய வழியனுப்பினார். பிறகு மகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா கண்ணு, அப்பாகிட்ட மட்டும் ஏன் இப்படிப் படிக்க மாட்டேங்கிறே?"

"டீச்சருக்கு நான் படிச்சாத்தான் தூக்கம் வருமாம், பாவம். நீங்கதான் தூங்கவே மாட்டீங்களே. தப்பு எப்ப வரும்னு என் வாயையே பாத்துட்டிருப்பீங்க. எனக்குப் பயமா இருக்கும்ப்பா."

அவருக்குச் சுருக்கென்றது.

"சரி, இன்னிக்கு அப்பா தூங்குறேன். நீ படி."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். குறட்டைகூட பிரமாதமாக வந்தது. வாலு ஆரம்பித்தாள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் ஒரு எழுத்து இடறியது.

பல்லைக் கடித்துக்கொண்டார். வாய் சொன்னபடி கேட்டது. பாழாய்ப்போன கண்தான் கேட்கவில்லை, திறந்துகொண்டது.

வாலு புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"தப்பு! முதல்லேர்ந்து தூங்குங்க!"