பட்டறை யாருக்கு?

மேடையில் ஐரோப்பா வந்து இறங்கியிருந்தது.

அட்டையில் வெட்டிய கோட்டை மதில், பஞ்சுத் தாடி ஒட்டிய எட்டாம் வகுப்புப் பெண்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய குயவர் சங்கமாம். மண்ணும் சூளையும் விருத்தாசலத்துக்குத் தெரியாததா? ஆண்டு விழாக் கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாடகக் கதை அப்படி. குயவன் செத்துப்போகிறான். பட்டறையை நானே நடத்துகிறேன் என்கிறாள் பெண்டாட்டி. அவள் சுட்ட ஜாடியைச் சங்கத்தார் சுண்டிப் பார்த்துச் சோதிப்பார்கள். தேறினால் பட்டறை அவளுக்கு. இல்லாவிட்டால் செத்தவனின் அண்ணனுக்கு.

ஆண்டாள் வீட்டிலும் அதே கதைதான், சோதனை மட்டும் கிடையாது. புருஷன் போன மறுமாதமே அவன் அண்ணன் ராஜமாணிக்கம், பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டில் அவளும் புருஷனும் நடத்திய ஷெட்டைப் பூட்டிவிட்டார். பொம்பளைக்குச் சூளை வசப்படாது என்று ஒரே பிடி. அவரை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை. இதோ, முதல் வரிசையில் மாலையும் கழுத்துமாக, சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருக்கிறார்.

பஞ்சுத் தாடியோடு சங்கத் தலைவராக நடித்த பெண், ஜாடியை மைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துச் சுண்டினாள்.

ணங்!

கோயில் மணி மாதிரி பந்தல் முழுக்க ஓடியது சத்தம்.

ராஜமாணிக்கம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். பதமாக வெந்த ஜாடியின் சத்தம் கேட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

தாடிக்காரப் பெண்ணுக்கோ வசனம் மறந்துபோனது. திருதிருவென்று விழித்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அம்சவல்லி டீச்சர் எடுத்துக் கொடுத்தும் காதில் ஏறவில்லை.

பொறுக்க மாட்டாமல் எழுந்தே விட்டார் ராஜமாணிக்கம்.

“ஏம்மா முழிக்கிற? இப்படிச் சுட்டவளுக்குக் குடுக்காம பட்டறைய வேற யாருக்குக் குடுப்பீங்க? அவளுக்குத்தான்னு சொல்லு!”

பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. அவரும் முகமெல்லாம் சிரிப்பாகச் சேர்ந்து தட்டினார்.

ஆண்டாள் எழுந்து நின்றாள்.

“ஷெட்ட நீங்க பூட்டறதுக்கு முந்தி, நான் ஒத்தையில எரிச்ச சூளையில வெந்த ஜாடிங்க மாமா அது. டீச்சரு கேட்டாங்கன்னு குடுத்தேன்.”

கைதட்டல் சட்டென்று நின்றது. கூட்டம் மொத்தமும் ராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

தாடிக்காரப் பெண்ணுக்கு அப்போதுதான் வசனம் ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடித்துக் கத்தினாள்.

“பட்டறை அவளுக்கே! இது சங்கத்தின் தீர்ப்பு!”