குடோன் மாப்பிள்ளை

"சர்க்கார் காசுன்னு உங்க உம்மா சொன்னாங்க தம்பி. அங்க என்ன உத்தியோகம்? தாசில்தார் மாதிரியா?"

கரீம் பாட்சா சாயா கிளாஸைத் தௌசீப்பின் பக்கம் நகர்த்தினார். தாராவியில் அவருடைய தோல் பைப் பட்டறையின் மாடி அது. மகள் அஃப்ஷாவுக்கு அதே மும்பையின் கோவண்டியிலிருந்து வந்த வரன் தௌசீப். ஐரோப்பாவில் இருப்பவன், லீவில் வந்திருக்கிறான். வாக்குக் கொடுக்கும் முன் நேரில் நாலு வார்த்தை பேசிப் பார்த்துவிட வேண்டும் என்று அவரேதான் வரச் சொல்லியிருந்தார். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அஃப்ஷா தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் விடாமல் கேட்டது.

"உத்தியோகம் இல்ல மாமா. நான் படம் வரையறவன்."

"சினிமா போஸ்டரா?"

"இல்ல. பெருசு பெருசா, கேன்வாஸ் துணியில."

"அதுக்குச் சர்க்கார் எதுக்குக் காசு குடுக்குது?"

கரீம் பாட்சாவுக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் மனசு ஆறும். புது மெஷின் வந்தாலும் அப்படித்தான், புது மாப்பிள்ளை வந்தாலும் அப்படித்தான்.

"படம் விக்காத ஆர்ட்டிஸ்டுங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு மாசாமாசம் குடுக்குறாங்க. பதிலுக்கு நாம படத்தைக் குடுத்துடணும்."

"அப்ப நம்ம ஊர்ல கோதுமை கொள்முதல் பண்ணுதாங்களே, அது மாதிரி?"

தௌசீப் சிரித்துவிட்டான். "கிட்டத்தட்ட அதேதான் மாமா."

"கோதுமைய ரேஷன் கடையில போட்டுருவாங்க. படத்த?"

"கொஞ்சத்தை ஆபீஸ், ஆஸ்பத்திரி சுவத்துல மாட்டுவாங்க. மிச்சம் குடோன்ல கிடக்கும்."

"உங்க படம்?"

"குடோனுக்குத்தான் போச்சு."

"மார்க்கெட்டுல ஒண்ணுகூடப் போகலயா?"

"சர்க்கார் காசு வாங்குறவன்னாலே அங்க வியாபாரிங்க மூஞ்சியைச் சுளிப்பாங்க மாமா. நல்லா வரைஞ்சா இவன் ஏன் அங்க போய் நிக்கிறான்னு கேப்பாங்க."

"நானா இருந்தாலும் அதத்தான் கேப்பேன்" என்றார் கரீம் பாட்சா. பிறகு, சொன்னது சுருக்கென்று பட்டிருக்குமோ என்று பிஸ்கட் தட்டை நீட்டினார்.

"நம்ம பையும் உங்க ஊருக்குத்தான் போகுது. ரெண்டு வருசமா மால் பத்தலன்னு போன் மேல போன். அங்க உள்ளவங்க தோலத் தடவிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். ஜிப்பத் திறந்து உள்ள பாத்த கையோட காசை நீட்டுதாங்களாம். அது என்ன வழக்கம் தம்பி? நீங்க அங்கயே இருக்கீங்க, உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியல மாமா. எதை வாங்குறாங்க, எதை விடுறாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

பையன் கதை அளக்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் சங்கடமாகவும் இருந்தது.

"இங்க பாருங்க தம்பி, குடோன்ல கிடக்குற சரக்கு சரக்கே இல்ல. எனக்குத் தெரிஞ்ச வியாபாரம் அவ்வளவுதான். முன்ன பின்ன தெரியாத ஒருத்தன், ஒரே ஒருத்தன், சொந்தக் காசைப் போட்டு உங்க படத்த வாங்கட்டும். அன்னைக்கே நிக்காஹ் பேசிருவோம். அது இல்லாம எம்பொண்ணக் குடுக்க மனசு வரல."

தௌசீப் தலையசைத்தான். "நியாயம்தான் மாமா. ஆனா விக்கிறதுக்கு இப்ப படமும் கையில இல்ல. இடம் பத்தலன்னு மூணு வருசம் முன்னாடியே அந்தக் குடோனையும் காலி பண்ணிட்டாங்க. எங்க போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியல."

"அப்படி என்னதான் வரைஞ்சீங்க?"

"இதைத்தான்." அவன் ஜன்னலைக் காட்டினான். மழைக்காலத்துக்காகக் கூரைக்குக் கூரை விரித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய்கள் சயான் ஸ்டேஷன் வரைக்கும் கிடந்தன. "அதுல தேங்குற தண்ணி, பறக்காம இருக்க மேல வச்ச டயரு, செங்கல்லு. அங்க போனதுலேருந்து வேற எதுவும் வரையத் தோணல. கீழே மூலையில சின்னதா ஒரு 'த' போடுவேன். தமிழ்ல எனக்கு ஒழுங்கா எழுத வர்றது அது ஒண்ணுதான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

கரீம் பாட்சா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தார்ப்பாய் ஒழுகுகிறதா என்பதைத் தவிர அதில் அவர் வேறெதையும் பார்த்ததில்லை.

"இத யாரு தம்பி காசு குடுத்து வாங்குவா?"

அஃப்ஷா வெளியே வந்தாள். கையில் அப்போதுதான் தைத்து முடித்த பை.

"வாப்பா, ஏக் மினிட். இந்த லைனிங் துணி எங்க வாங்குனீங்க?"

"இப்ப அதாம்மா முக்கியம்? பேசிட்டிருக்கோம்லா?"

"சொல்லுங்களேன்."

"பதிமூணாம் காம்பவுண்டுல, பழைய மால்காரன்கிட்ட. கப்பல்ல வந்த வெளிநாட்டு கேன்வாஸ். ஒரு பக்கம் பெயிண்டு அப்பிக் கிடக்குன்னு எடைக்குப் போட்டான். அந்தப் பக்கத்த உள்ள வச்சுத் தச்சா தண்ணி இறங்காதுன்னு நாந்தானே சொன்னேன்? மூட்டை மூட்டையா எடுத்துப் போட்டுருக்கேன், எதுக்குக் கேக்க?"

அவள் ஜிப்பை இழுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி பையைப் புரட்டினாள். நீலம். நீலத்துக்குள் ஒரு குட்டைத் தண்ணீர். தையலில் பாதி வெட்டுப்பட்ட ஒரு டயர். அடி மூலையில், தலைகீழாக, சின்னதாக ஒரு 'த'.

தௌசீப் சாயா கிளாஸும் கையுமாக எழுந்துவிட்டான்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது. இத்தன நாளா மில்லுக்காரன் மார்க்குன்னு நெனச்சேன்" என்ற அஃப்ஷா, பையை வாப்பாவின் மடியில் வைத்தாள். "ஒருத்தன் வாங்கட்டும்னுதானே கேட்டீங்க வாப்பா? ரெண்டு வருசமா ஜிப்பத் திறந்து பாத்துப் பாத்து வாங்கிட்டிருக்காங்க."